கறுப்புத் திரையும் சொந்த முகவரியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஹந்தானை வீதியில் எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே குடியிருக்கும் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கையில் புதிய கைத்தொலைபேசியுடன் வந்து சேர்ந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. இன்றும் இப்பகுதியில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'தான்.

"தம்பி, மகளோட கடுதாசி எல்லாம் போயிருச்சு. எங்க போச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மகள் கனடாவில் இருக்கிறார். பதினொரு ஆண்டுகளாக வாரம் ஒரு மின்னஞ்சல் எழுதி வருகிறார். மாஸ்டரின் பழைய தொலைபேசி மழையில் நனைந்து பழுதாகிவிட்டது. புதிய தொலைபேசியோடு இலக்கமும் மாறிவிட்டது. கடவுச்சொல்லை அன்று யாரோ ஒரு பையன் போட்டுக்கொடுத்தானாம். அது இவருக்குத் தெரியாது. மின்னஞ்சல் நிறுவனமோ, பழைய இலக்கத்துக்குக் குறியீடு ஒன்றை அனுப்புவதாகக் கூறுகிறது. அந்த இலக்கம் இப்போது எவரிடமும் இல்லை. ஒரு மணி நேரம் முயன்றும் என்னால் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

"உங்கள் கடிதங்கள் எங்கே இருந்தன என்று நினைத்தீர்கள், மாஸ்டர்?" என்று கேட்டேன். கையிலிருந்த தொலைபேசியைக் காட்டி, "இதுக்குள்ளதானே தம்பி" என்றார்.

அந்தப் பதிலே இக்கட்டுரைக்குக் காரணம். பதினொரு ஆண்டுகள் மின்னஞ்சலைப் பயன்படுத்திய ஒரு மனிதருக்கு, அது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்பதை எவரும் சொல்லித் தரவில்லை. எந்தப் படத்தை அழுத்தவேண்டும் என்று மட்டுமே சொல்லித் தந்திருக்கிறார்கள். குற்றம் அவருடையதன்று. புதியவர்களுக்கு நாம் மின்னஞ்சலைக் கற்பிக்கும் முறையே பிழையானது என்பது என் கருத்து.

நான் கலைத்துறைப் பட்டதாரி. ஹந்தானை மலையின் அடிவாரத்தில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழும் வரலாறும் படித்தவன். கணினி எனக்கு அந்நியமான பொருளாகவே இருந்தது. 1997ஆம் ஆண்டு, கண்டியில் செய்தியாளனாக இருந்தபோது, நண்பர் ஒருவரின் உதவியால் எனக்கு முதல் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. தொலைபேசி இணைப்பில் மோடம் கீச்சிட்டு முடித்ததும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றும். படம் இல்லை, சுட்டி இல்லை, விசைப்பலகை மட்டுமே. அந்த மென்பொருளின் பெயர் 'பைன்'. ஹந்தானைச் சரிவுகளில் நிற்கும் பைன் மரங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அப்பெயர் உடனே மனதில் பதிந்துவிட்டது.

பைன் 1989இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கியது. அதற்கு முன் 'எல்ம்' என்றொரு அஞ்சல் மென்பொருள் இருந்தது; அதுவும் மரத்தின் பெயர்தான். எல்மைத் தழுவிப் பிறந்ததால் இதற்கும் மரப்பெயர் வாய்த்தது. அதை ஆக்கியவர்கள் கணினி வல்லுநர்களை மனதிற்கொண்டு ஆக்கவில்லை. பல்கலைக்கழக அலுவலகங்களில் வேலைசெய்த சாதாரண ஊழியர்களுக்காக ஆக்கினார்கள். கையேடு படிக்காமலே பயன்படுத்தக்கூடியதாக இருக்கவேண்டும். பிழை செய்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும். எதைச் செய்தாலும் என்ன நடந்தது என்று உடனே சொல்லவேண்டும் என்பவை அவர்களின் நோக்கங்கள்.

நோக்கம் நிறைவேறியதா என்பதற்கு நானே சாட்சி. முதல் திரையில் ஒரு சிறு பட்டியல் இருக்கும். கடிதம் எழுத 'சி', வந்த கடிதங்களைப் பார்க்க 'ஐ', கோப்புறைகளுக்கு 'எல்', முகவரிப் புத்தகத்துக்கு 'ஏ', வெளியேற 'கியூ'. ஒவ்வொன்றும் அந்தந்த ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தோ அதற்கு நெருங்கியதோதான். எந்தத் திரைக்குப் போனாலும் கீழே இரண்டு வரிகள் நிலையாக நிற்கும்: 'இந்த இடத்தில் உன்னால் இவற்றைச் செய்ய முடியும்' என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். எதையும் ஒளித்து வைக்கவில்லை. மூன்று கோடு, மூன்று புள்ளி என்ற புதிர்கள் இல்லை.

என்னை ஒரேயொரு விடயம் தடுமாற வைத்தது. கட்டளை எழுத்தின் முன்னே கூரை போன்ற ஒரு சிறு குறி இருக்கும். அந்தக் குறியை விசைப்பலகையில் தேடிப்பிடித்து அழுத்திக்கொண்டிருந்தேன். அது 'கண்ட்ரோல்' விசையைக் குறிப்பது என்று அறிய எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. அக்காலத்தில் பைன் படித்த எவரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள்.

மற்றவை எல்லாம் நிதானமாகவே நடந்தன. கடிதத்தை அழித்தால் அது உடனே மறையாது. வரியின் முன்னே 'டி' என்ற எழுத்து விழும். வெளியேறும்போது, 'அழிக்கக் குறித்தவற்றை உண்மையிலேயே நீக்கிவிடலாமா?' என்று கேட்கும். அதுவரை 'யு'வை அழுத்தி மீட்டுக்கொள்ளலாம். பலருக்கும் பொதுவாக வந்த கடிதங்களிடையே, நமக்கென்றே முகவரியிட்டு வந்த கடிதத்தின் முன்னே ஒரு கூட்டற்குறி நிற்கும். மாதம் பிறந்து முதன்முறையாகத் திறக்கும்போது, 'சென்ற மாதம் நீ அனுப்பிய கடிதங்களை அந்த மாதத்தின் பெயரில் தனிக் கோப்பாக வைத்துவிடட்டுமா?' என்று கேட்கும். பழைய பத்திரிகைகளை மாதவாரியாகக் கட்டிவைத்துப் பழகிய எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்தமானது.

அக்காலத்தில் இது நமக்கு மட்டும் வாய்த்ததன்று. இலங்கையில் 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவும் அவரது குழுவினரும் கல்வி, ஆய்வு வலையமைப்பைக் கட்டியெழுப்பியபோது, பல்கலைக்கழகத்தினர் பரிமாறிக்கொண்டவை வெறும் எழுத்து அஞ்சல்களே. 1995இல் வர்த்தக இணையச் சேவை இலங்கைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, குறைந்த கட்டணத்தில் சேர்ந்த மாணவர்களுக்குக் கிடைத்ததும் எழுத்து மட்டுமே வரும் கறுப்புத் திரைதான். சென்னையிலும் கண்டியிலும் ஒரு தலைமுறை இவ்வாறே மின்னஞ்சல் கற்றது.

எனக்கு அந்தத் திரையின் பெறுமதி புரிந்தது 1998 ஜனவரி 25ஆம் திகதி. அன்று ஞாயிறு அதிகாலை, விடுதலைப் புலிகள் ஸ்ரீ தலதா மாளிகையின் முன்னே வெடிகுண்டு நிரப்பிய லொறியை வெடிக்கவைத்தார்கள். பலர் உயிரிழந்தனர். ஐம்பதாவது சுதந்திர தினத்துக்கு நகரம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை அது. கண்டியிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் இருந்த தமிழர் வீடுகளில் அன்று எத்தகைய அச்சம் குடிகொண்டது என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

அன்றிரவு வெகுநேரம் முயன்று இணைப்புக் கிடைத்ததும், என் அஞ்சற்பெட்டியில் பதினான்கு கடிதங்கள் கிடந்தன. ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வந்தவை. அவற்றுள் பல எனக்கானவை அல்ல. 'ஹந்தானையில் என் அக்கா இருக்கிறாள், பார்த்துச் சொல்ல முடியுமா?' என்பது போன்றவை. லயன் வீட்டில் தொலைபேசி இல்லை. கண்டியில் மின்னஞ்சல் வைத்திருக்கும் தமிழன் ஒருவன் இருக்கிறான் என்று நண்பர்கள் வழியாக அறிந்து எழுதியிருந்தார்கள். பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மறுநாள் மலையேறினேன். இரவு திரும்பி வந்து ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு வரி பதில் எழுதினேன்.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. மலையகத் தோட்டங்களில் லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் லயனுக்குப் போகவேண்டும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, நாள் கடந்த பின்னர் கைக்கு வந்த கதைகளைச் செய்தியாளனாக நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பின், குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி நீலகிரிக்கும் மறு பாதி இந்த மலைகளுக்குமாக ஆனபோது, உறவைக் காப்பாற்றியது கடிதம் ஒன்றே. அந்தக் கடிதமும் பிறர் மேசையில் காத்திருந்தே வந்தது. இத்தகைய மக்களுக்கு மின்னஞ்சல் என்பது வெறும் வசதியன்று. தன் பெயரில், தன்னிடம் நேராக வந்து சேரும் முதல் முகவரி அது. ஆகவே, மாஸ்டர் இழந்தது ஒரு கடவுச்சொல்லை மட்டுமன்று.

நான் பழைமையைப் போற்றிப் புலம்புவதாக வாசகர்கள் எண்ணக்கூடாது. கறுப்புத் திரை தமிழுக்கு நீதி செய்யவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அஞ்சல் கடத்தும் விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, 128 குறிகளுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தற்குறியும் அமர்ந்ததோடு அந்த இருக்கைகள் நிரம்பிவிட்டன. பின்னர் தமிழ்க் கணிமை முன்னோடிகள், எஞ்சிய மேல் 128 இடங்களில் தமிழை அமர்த்தினார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் தமது மென்பொருளுக்கு 'முரசு அஞ்சல்' என்றே பெயரிட்டார். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்தார். இவர்களும் பிறரும் கூடிப் பேசித் 'திஸ்கி' என்ற பொதுக்குறியீட்டை ஆக்கினர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு வேறு இரண்டு குறியீடுகளையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. ஆனால் வழியிலுள்ள ஏதேனும் ஒரு பழைய அஞ்சற் கணினி மேல்வரிசையைக் கண்டுகொள்ளாமல் வெட்டிவிட்டால், கடிதம் வெறும் குப்பையாகவே வந்து சேரும். இரண்டு வேறு எழுத்துகள் ஒரே எழுத்தாகிவிடும். அதைப் பின்னர் எவராலும் மீட்க முடியாது. வெட்டாத கணினிகளிலும், சமன்குறியும் எண்ணும் கலந்த வரிகளாகக் கடிதம் நீண்டு கிடக்கும்.

இலங்கையில் நாங்கள் ஒரு குறுக்கு வழியைக் கண்டோம். இங்கு பத்திரிகைகளிலும் அச்சகங்களிலும் பரவலாக இருந்த எழுத்துரு 'பாமினி'. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழைப் போட்டு வைத்தது. 'அம்மா' என்று தட்டச்சுச் செய்தால், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்ற ஐந்து குறிகளே. கீழ் 128 இடங்களுக்குள் அடங்கியதால் பாமினிக் கடிதம் எந்த வழியிலும் சேதமடையாமல் வந்தது. பைன் திரையில் அது பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். கோப்பாகச் சேமித்து, எழுத்துருவை மாற்றினால் தமிழ் எழுந்து நிற்கும். தட்டச்சில் கைதேர்ந்த எங்கள் அலுவலகத்து ஊழியர் ஒருவர், எழுத்துருவை மாற்றாமலே கறுப்புத் திரையிலிருந்து தமிழை வாசித்துக் காட்டுவார். விரல்கள் அறிந்ததைக் கண்கள் வாசித்தன.

இன்றோ யூனிகோடு வந்து, கடிதத்தில் தமிழ் பிழையின்றிப் பயணம் செய்கிறது. ஆனால் எழுத்துமுனையத் திரைகளில் அது இன்னமும் ஒழுங்காக நிற்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமான கட்டம் என்ற கணக்கு ஆங்கிலத்துக்குப் பொருந்தும். கொம்பும் காலும் இருபுறமும் நிற்கும் 'கொ'வுக்கு அது பொருந்துவதில்லை. கொம்பு ஓரிடம், உடல் ஓரிடமாகச் சிதறும். கட்டளைகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆதலால், 'புதியவர்கள் எல்லோரும் கறுப்புத் திரைக்குத் திரும்புங்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை. பைனின் கடைசிப் பதிப்பு 2005இல் வந்ததோடு அதன் காலம் முடிந்தது. 2007இல் 'அல்பைன்' என்ற வாரிசு தோன்றியது. அது இன்றும் பேணப்பட்டு வருகிறது. ஆர்வமுள்ளவர் பயன்படுத்தலாம். ஆனால் கூகிள் போன்ற நிறுவனங்கள் 2022 முதல் வெறும் கடவுச்சொல்லுடன் வெளி மென்பொருள்கள் நுழைவதை மட்டுப்படுத்திவிட்டதால், அதை அமைப்பதே புதியவருக்கு ஒரு சோதனை.

நான் சொல்ல வருவது வேறு. அந்தத் திரை தந்த நான்கு நன்மைகளை இன்றைய செயலிகளிடமும் கற்பிப்போரிடமும் நாம் கேட்டுப் பெறவேண்டும்.

முதலாவது, இந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சொற்களில், அதுவும் தமிழ்ச் சொற்களில், திரையிலேயே எழுதிக் காட்டவேண்டும். படக்குறி எல்லோருக்கும் புரியும் என்பது தவறான எண்ணம். பென்சில் படம் 'எழுது' என்பதைக் குறிப்பதாக மாஸ்டருக்கு யாரும் சொல்லவில்லை. அது 'திருத்து' என்று நினைத்து அதைத் தொடவே அஞ்சியிருந்தார்.

இரண்டாவது, பிழையைப் பொறுக்கும் பண்பு. அழித்ததை மீட்கும் வழி எளிதில் கண்ணில் படவேண்டும். அஞ்சுகிறவன் கற்கமாட்டான் என்பது தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொன்ன மாஸ்டருக்கு நன்கு தெரியும். செயலி செய்கிறவர்களுக்கும் தெரியவேண்டும்.

மூன்றாவது, உள்ளதை உள்ளபடி காட்டல். எழுத்து அஞ்சலில் அனுப்பியவரின் முழு முகவரி தெரியும். இணைப்பின் உண்மையான முகவரி தெரியும். வங்கியின் இலச்சினையைப் போட்டு ஏமாற்ற அங்கே இடமில்லை. கடிதத்தைத் திறந்தீர்களா என்று வேவுபார்க்கும் ஒளிந்த படங்களும் இயங்கமாட்டா. இன்று கைத்தொலைபேசியில் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைக்கும் வழக்கம், மோசடிக்காரருக்குச் செய்யும் உபகாரம். லினக்ஸ் கருவை ஆக்கும் வல்லுநர்கள் இன்றளவும் வெறும் எழுத்து அஞ்சலையே வற்புறுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். வல்லுநர் விரும்பும் தெளிவு புதியவருக்கு மட்டும் ஏன் மறுக்கப்படவேண்டும்?

நான்காவதுதான் தலையாயது. கடிதம் என் கையில் இருக்கவேண்டும். பைன் என் கடிதங்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளில் வைத்திருந்தது. ஒரு கோப்பு, அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதங்கள். அவற்றை முதலில் நெகிழ்வட்டில் பிரதி எடுத்தேன், பின்னர் குறுவட்டில், இப்போது சிறு விசைநினைவகத்தில். 1998 ஜனவரிக் கடிதங்கள் பதினான்கும் இன்றும் எந்தக் கணினியிலும் திறக்கின்றன. ஆனால் அதன்பின் ஒரு இலவசச் சேவையில் எட்டு ஆண்டுகள் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. சில மாதங்கள் எட்டிப் பார்க்காததால் கணக்கை வெறுமையாக்கிவிட்டார்கள். பிரதி எடுக்காத குற்றம் என்னுடையதும்தான்.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. ஜிமெயில் வைத்திருப்போர், கூகிளின் 'டேக்அவுட்' வசதியின் மூலம் தமது அஞ்சல்கள் அனைத்தையும் தரவிறக்கிக்கொள்ளலாம். அவை வந்து சேரும் கோப்பின் வகை 'எம்பாக்ஸ்'. பைன் காலத்துக் கறுப்புத் திரையின் பின்னால் இருந்த அதே வகைதான். ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது இதையும் செய்யுங்கள். பெற்றோரின் கணக்குகளுக்கும் செய்துகொடுங்கள். மீட்புக்கான தொலைபேசி இலக்கத்தையும் மாற்று முகவரியையும் சரிபாருங்கள். கடவுச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். பழைய பாமினி, திஸ்கிக் கடிதங்கள் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் உள்ளன. பாமினி என்ற பெயரை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். நாளை ஒரு பேரப்பிள்ளை அந்த ஐந்து குறிகளைப் பார்த்து, அங்கே 'அம்மா' இருக்கிறாள் என்று அறியமாட்டான்.

மாஸ்டரின் கணக்கு இன்றுவரை திறக்கவில்லை. ஆனால் ஒரு கடிதத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. அவர் மகளுக்கு நான் எழுதினேன். தான் அனுப்பியவையும் அப்பா எழுதிய பதில்களும் அவருடைய கணக்கில் பத்திரமாக இருந்தன. இரண்டு நாட்களில் அவற்றை ஒரே கோப்பாக அனுப்பிவைத்தார். சென்ற வாரம் கண்டி நகரிலுள்ள அச்சுக்கடை ஒன்றில் அச்சிட்டுக் கட்டி, மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதிய கணக்கையும் திறந்தோம். இம்முறை கடவுச்சொல்லை அவரே தெரிவுசெய்து, தம் கையெழுத்தில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இப்ப எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார்.

"மகளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, உங்கள் கையில் ஒன்று" என்றேன்.

"அது போதும்" என்றார்.